வலது தோளில் ஒரு துடிப்பு

முதலில் துடித்தது அவருடைய வலது தோள்தான். அன்று சனிக்கிழமை. கூடத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, முதுகில் எண்ணெய் தடவ என்னைக் கூப்பிட்டார். தடவிக்கொண்டிருக்கும்போது என் உள்ளங்கைக்கு அடியில் ஏதோ ஓடியது. கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். தோலுக்குள்ளே சதை தானாகத் துள்ளியது, நின்றது, கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்தில் துள்ளியது. அவர் கையை அசைக்கவே இல்லை.

“ஏன்னா, இங்கே என்னமோ துடிக்கறது.”

“எந்தப் பக்கம்?”

“வலது.”

“அப்போ பேசாமல் தேய். ஆம்பளைக்கு வலது துடிச்சா நல்லதுதான்.”

பஞ்சாங்கத்தில் கடைசிப் பக்கங்களில் பல்லி விழுந்தால் என்ன பலன், உடம்பில் எந்த இடம் துடித்தால் என்ன பலன் என்று போட்டிருப்பார்கள். திருவானைக்காவலில் இருக்கும் அவர் தங்கை அன்று எங்கள் ஆத்துக்கு வந்திருந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை எடுத்துப் படித்தாள்.

“அண்ணாவுக்கு லாபம்னு போட்டிருக்கு மன்னி. நமக்கெல்லாம் எது துடிச்சாலும் ஆத்து வேலைதான்.”

அந்த வாரமே எங்கள் பிள்ளைக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. அதற்கப்புறம் யார் என்ன சொல்ல முடியும்? துடிப்பு தினமும் வந்தது. தோளில் வந்தது புஜத்துக்கு இறங்கியது. “பெருமாள் என் தோளைத் தட்டிண்டே இருக்கார்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சட்டையில்லாத தோளைக் காட்டுவார். அவர்களும் குனிந்து பார்த்துவிட்டு, கொடுத்துவைத்த தோள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவர் ஸ்ரீபாதந்தாங்கி. பெருமாள் கோயிலிலிருந்து வீதிக்குப் புறப்படும்போது தோளில் எழுந்தருளப் பண்ணிக்கொண்டு போகிறவர்களில் ஒருவர். அவர் தகப்பனாருக்கும் அதே கைங்கர்யம். வலது தோளில் பல்லக்குத் தண்டு உட்காருகிற இடத்தில் தோல் தடித்து, கறுத்து, கையால் அழுத்தினால் அழுந்தாது. கல்யாணமான புதிதில் அது ஏதோ கட்டி என்று நான் பயந்ததுண்டு.

அந்த வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்தது கூட்டத்தில் நின்று பார்த்ததும், சாப்பிடும்போது அவர் சொல்லிக் கேட்டதும்தான். தண்டுக்கு அடியில் ஆட்களை உயரம் பார்த்து நிறுத்துவார்கள். எல்லாருக்கும் ஒரே நடை. முன்னால் போகிறவர் காலை எடுத்து வைப்பதைப் பின்னால் வருகிறவர் கண்ணால் பார்க்க முடியாது. “பார்க்க வேண்டாம்டி, அது தண்டு வழியா தோளுக்கு வந்துடும்” என்பார். இன்னொன்றும் சொல்வார். தோள் தளர்கிறது என்று தெரிந்தால் உடனே “மாத்து” என்று சொல்ல வேண்டும். நாகஸ்வரம் வாசிப்பார்கள், ஜனங்கள் கோவிந்தா சொல்வார்கள், அதற்கு மேலே கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். பக்கத்திலேயே நடந்து வருகிற ஒருவர் உள்ளே நுழைந்து தோளைக் கொடுத்துவிடுவார். ஏன், என்ன என்று யாரும் கேட்கக் கூடாது.

“மாத்துன்னு சொன்னவனை எவனும் கேலி பண்ணமாட்டான். வாயை மூடிண்டு பல்லைக் கடிச்சிண்டு நிக்கறான் பாரு, அவன்தான் ஆபத்து.”

எனக்கு அந்தச் சத்தம் எந்த நாளிலும் வந்ததில்லை. ஐந்தாவது வரை படித்தேன். எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னால் எனக்கே என் குரல் கேட்காது. கல்யாணத்துக்குப் பிறகு காய்கறிக்காரியிடம் பேரம் பேசுவது முதல் பஸ்ஸில் டிக்கெட் கேட்பது வரை அவர்தான். யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால் நான் அவர் முகத்தைப் பார்ப்பேன், அவர் பதில் சொல்லிவிடுவார். “இவ கரண்ட் இல்லாத ரேடியோ, அதுக்கும் சேர்த்து நான் கத்தறேன்” என்று சொல்லிச் சிரிப்பார். எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது.

துடிப்பு லாபம் என்று இருந்த அந்த நாட்களில் வேறு சில காரியங்களும் நடந்தன. ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தெரியவில்லை. காலையில் நெற்றியில் திருமண் இட்டுக்கொள்ளும்போது கோடு கோணியது. துடைத்துவிட்டு மறுபடி இடுவார், மறுபடி கோணும். கண்ணாடி மங்கிவிட்டது என்றார். நான் கண்ணாடியைத் துடைத்து வைத்தேன். பூட்டில் சாவியைத் திருப்ப இடது கையைக் கொண்டுவந்தார். தீர்த்தச் சொம்பு கையிலிருந்து நழுவி விழுந்தது. ஒரு நாள் அவர் சாப்பிடும்போது பார்த்தேன். வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்த சதையைக் காணோம். அந்த இடம் குழிந்து கிடந்தது. வயசாகிறது என்றார்.

அந்தச் சித்திரையில் ஒரு காலைப் புறப்பாடு. நான் உத்தர வீதி முனையில் பெண்களோடு நின்றிருந்தேன். வெயில் ஏறிவிட்டது. பெருமாள் திரும்புகிற இடத்தில்தான் பாரம் ஒரு பக்கமாகச் சாயும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதனால் நான் எப்போதும் அந்த முனையில்தான் நிற்பேன். அன்றைக்கு எல்லாரும் பெருமாளைச் சேவித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர் காலைப் பார்த்தேன். ஆடுசதை துடித்துக்கொண்டிருந்தது. தோளில் இருந்தது இங்கேயும் வந்துவிட்டதே என்று நினைத்தேன். அது வரைக்கும் அது லாபம் என்றுதான் எனக்கு நினைப்பு.

முனைக்குக் கொஞ்சம் முன்னால் அவர் குரல் கேட்டது. “மாத்து.”

பக்கத்தில் வந்தவர் உள்ளே நுழைந்தார். பல்லக்கு அசையக்கூட இல்லை. பெருமாளுக்குச் சாத்தியிருந்த மாலை எப்படி ஆடிக்கொண்டு வந்ததோ அப்படியே ஆடிக்கொண்டு திரும்பிப் போயிற்று. அவர் வெளியே வந்து ஒரு கடை வாசலில் சுவரோரமாக நின்றார். கையைக் கூப்பினார். வலது கை இடது கைக்குச் சமமாக ஏறவில்லை.

ஆத்துக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். மோர் கொடுத்தேன். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தார்.

“நான் சொன்னது உனக்குக் கேட்டுதா?”

“கேட்டது.”

“அங்கேருந்தா?”

“ஆமாம்.”

“அப்போ சரி” என்றார்.

மறுநாள் அவருக்குப் பின்னால் தண்டு பிடிக்கிற சிநேகிதர் வந்தார். ரொம்ப வருஷமாக அவர் நடை இவருக்குத் தெரியும், இவர் நடை அவருக்குத் தெரியும்.

“என்ன ஓய், ஒரு மாசம் லீவு போட்டுட்டு தோளை பாங்க்ல போட்டு வெக்கப் போறீரா?”

“வட்டி வரட்டுமே ஓய்.”

“வந்தா எனக்கும் பாதி கொடும். உம்ம பின்னாடி நடந்து நடந்து உம்ம முதுகுதான் எனக்கு மூலவர் மாதிரி. இப்போ புதுசா ஒருத்தன் முதுகைப் பார்க்கணும்.”

இருவரும் சிரித்தார்கள். வாசல் வரை வந்து செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது சிநேகிதர் என்னைப் பார்த்தார். சிரிப்பு இல்லை. “மாமி, டாக்டர்ட்ட காட்டுங்கோ. கொஞ்ச நாளாவே அவர் காலை இழுத்துத்தான் வெச்சிண்டிருந்தார். தண்டுல தெரிஞ்சுது” என்றார்.

முதலில் தைலம். பிறகு கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்று ஒருவர் சொல்லி கழுத்துக்குப் பட்டை. பட்டையைப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் இருந்தார். கை இன்னும் இளைத்தது. கடைசியில்தான் புத்தூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம்.

அங்கே ஒரு பரிசோதனை. மெல்லிய ஊசியைச் சதையில் குத்துவார்கள், அதில் ஒயர் இருக்கும், ஒயர் போய் ஒரு மிஷினில் சேரும். நானும் உள்ளே இருக்கலாம் என்றார்கள். ஊசியைத் தோளில் இறக்கியதும் மிஷினிலிருந்து சத்தம் வந்தது. தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி. நடுவில் பெரிய துளி விழுவதுபோல டப், டப் என்று.

“ஐயா, கையைத் தளர விடுங்க. சும்மா இருங்க.”

“சும்மாத்தான் இருக்கேன்.”

“இன்னும் தளர விடுங்க.”

“இதுக்கு மேல விடறதுக்கு ஒண்ணுமில்லை டாக்டர். அது யார் சத்தம்? என் தோளா?”

“ஆமாங்க.”

“இவ்வளவு பேசறதா அது?” என்றார். அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். தொடையில், நாக்குக்கு அடியில், எங்கே குத்தினாலும் மழை.

டாக்டர் நல்ல மனுஷர், அவசரப்படவில்லை. எங்களை உட்கார வைத்துச் சொன்னார். “சதையில கோளாறு இல்லீங்க. மூளை போடுற உத்தரவு முதுகுத்தண்டுக்கு வருது. அங்கேருந்து ஒரு நரம்பு அதை வாங்கிட்டுப் போய் சதைகிட்ட கொடுக்குது. அந்த நரம்புங்க ஒவ்வொண்ணா பட்டுப்போகுது. பட்டுப்போறப்போ தானா தாறுமாறா தட்டும். அதான் துடிப்பு. அப்புறம் உத்தரவே வராது. உத்தரவு வராத சதை இளைச்சு இளைச்சு ஒண்ணுமில்லாம போயிடும்.”

எனக்கு அது விளங்கியது. முன்னால் போகிறவர் எடுத்து வைக்கிற அடி தண்டு வழியாகப் பின்னால் வராமல் போனால் பல்லக்கு என்ன ஆகும்? பின்னால் நிற்கிறவர் எத்தனை பலசாலியாக இருந்து என்ன? இதை நான் சொல்லவில்லை, நினைத்துக்கொண்டேன்.

“தொட்டாத் தெரியுமா?” என்று அவர் கேட்டார்.

“தெரியும். சூடு, வலி, அரிப்பு எல்லாம் தெரியும். அதுக்கு வேற நரம்பு. கண்ணு கடைசி வரைக்கும் அசையும். பெரும்பாலும் புத்தியும் தெளிவா இருக்கும்.”

“அது நல்லதுதானே?”

டாக்டர் பதில் சொல்லவில்லை. ஒரு மாத்திரை எழுதினார். நோயைக் குணப்படுத்தாது, கொஞ்சம் தள்ளிப்போடும் என்றார். பிற்பாடு பேச்சு போகும், விழுங்குவது சிரமமாகும், கடைசியில் மூச்சு விடுகிற சதைக்கும் உத்தரவு நிற்கும், அப்போது தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து மிஷினில் மூச்சு கொடுக்கலாம், வேண்டுமா வேண்டாமா என்பதைக் குடும்பத்தில் இப்போதே பேசிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

திரும்பும்போது ஆட்டோ காவேரிப் பாலத்தில் நின்று நின்று போயிற்று. அவர் வலது கையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பையைத் தூக்கி வைக்கிற மாதிரி இடது கையால் தூக்கி வைத்திருந்தார். “பெருமாள் தட்டறார்னு ஊரெல்லாம் காட்டிண்டேனே” என்றார். கோபுரம் தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அடுத்துப் போனது நாக்கு. முதலில் வார்த்தை தடித்தது. குடித்தவர் பேசுகிற மாதிரி இருக்கும். பக்கத்து ஆத்து மாமி ஒரு நாள் என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டு, “தப்பா நினைச்சுக்காதேள். மாமா சாயங்காலத்துல எங்கேயாவது போறாரா? பேச்சு ஒரு மாதிரி இருக்குன்னு கடைக்காரன்கூடச் சொன்னான்” என்றாள். உள்ளே வந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்து அவரே கண்டுபிடித்துவிட்டார். “சொல்ல வேண்டியதுதானே, ஆமாம்னு. இத்தனை வருஷம் நல்ல பேர் எடுத்து என்ன கிடைச்சுது?” என்று குழறிக் குழறிச் சொன்னார்.

பிறகு அந்தச் சிரிப்பு வந்தது. அது அவர் சிரிப்பு இல்லை. அவர் தங்கை ஒரு நாள் வந்து, தன் ஆத்துக்காரருக்கு இருதயத்தில் ஆபரேஷன் என்று சொல்லி அழுதாள். இவர் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. வாய் சிரித்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“அண்ணா, நான் என்ன சொல்லிண்டிருக்கேன், நீ என்ன பண்றே?”

அவர் கண் என்னைத் தேடியது. அவளுக்கு விளக்க அவரால் முடியாது, அங்கே வேறு யாரும் இல்லை. “அது அவர் இல்லை. சிரிப்பையும் அழுகையையும் பிடிச்சு வெக்கற நரம்பு போயிடுத்தாம். டாக்டர் சொன்னார். அவர் அழறார்” என்றேன். அவருக்குப் பதிலாக நான் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு இன்னும் அழுதாள். அவர் இன்னும் சிரித்தார்.

கொசு நெற்றியில் உட்காரும். அவருக்குத் தெரியும். கடிப்பதும் தெரியும். கையைத் தூக்கச் சதை இல்லை. கண் மேலே போகும். நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து ஓட்டுவேன். நான் வருவதற்குள் அது குடித்து முடித்திருக்கும். டாக்டர் அன்றைக்கு ஏன் பதில் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் பேச்சு எனக்கு மட்டும் புரிகிற நாட்களில் ஒரு மத்தியானம். கிணற்றடியில் நிழல் இருக்கும் என்று சக்கர நாற்காலியோடு அவரை அங்கே தள்ளிக்கொண்டு போய் வைத்திருந்தேன். கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். சாத்தமுது, மோர் மாதிரி நீர்த்ததெல்லாம் புரையேறும், அதனால் கெட்டியாகத்தான் எல்லாம். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் அவர் சொன்னார்.

“குழாய் வேண்டாம்.”

“என்ன?”

“தொண்டையில. மிஷின். வேண்டாம்.”

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

“தோள் போன அப்புறமும் தண்டுக்கடியில நிக்கற மாதிரி அது. எனக்குத் தெரியும். அப்போ வாய் இருக்காது எனக்கு. நீ சொல்லணும்.”

“பிள்ளைகிட்ட சொல்லுங்கோளேன்.”

“சொன்னேன். வாய் இருந்தபோதே போன்ல சொன்னேன். அழறான். அவன் சொல்லமாட்டான். பிள்ளைன்னா அப்படித்தான். நீ சொல்லணும்.”

“எனக்கு வராதுன்னா. பெரிய டாக்டர்களுக்கு முன்னாடி… எனக்கு வராது.”

“வரும். எங்கே, சொல்லு பார்ப்போம். மாத்துன்னு சொல்லு.”

“இப்போவா?”

“இப்போதான்.”

“மாத்து” என்றேன்.

“கிணத்துக்கே கேக்கலைடி. தவளைகூடத் திரும்பிப் பார்க்கலை.”

மறுபடி சொன்னேன். அவர் தலையை ஆட்ட முயன்றார், ஆடவில்லை. கண்ணால் இல்லை என்றார். மறுபடி சொன்னேன். பக்கத்து ஆத்து மாமி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கேட்டுவிடுமோ என்று எனக்கு. “கேக்கட்டும், கேக்கத்தானே சொல்றது?” என்றார். கடைசி வரை அன்றைக்கு எனக்கு வரவில்லை. அழுகைதான் வந்தது. அவருக்கு அந்தச் சிரிப்பு வந்தது. கஞ்சி ஆறிப்போய்விட்டது.

அப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. சில நாட்களில் எதைப் பற்றியும் பேச முடியாமல் போய்விட்டது. ஆனால் நான் ஊட்டும்போது சில சமயம் என்னைப் பார்ப்பார், பார்த்துவிட்டுக் கிணற்றுப் பக்கம் பார்ப்பார். நான் கொல்லையில் யாரும் இல்லாதபோது சொல்லிப் பார்ப்பேன். தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும்.

அது நடந்தது ஒரு காலை வேளையில். சளி அடைத்தது. இருமித் துப்பவும் சதை வேண்டும், அவருக்கு அது இல்லை. உதடு கறுத்துக்கொண்டே வந்தது. அவர் தங்கை அன்று எங்களோடுதான் இருந்தாள். அவள்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினாள். பாலத்தில் ஆபீஸ் நேரத்துக் கூட்டம். வழக்கமான டாக்டர் ஊரில் இல்லை என்றார்கள், அதனால் வழியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எங்களை அங்கே யாருக்கும் தெரியாது.

உள்ளே ஒரு வார்டு, பக்கத்தில் பக்கத்தில் கட்டில், ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு மிஷின் கத்திக்கொண்டிருந்தது. முகத்தில் மாஸ்க் வைத்துக் காற்று கொடுத்தார்கள். சின்ன வயசு டாக்டர் ஒருவர் அவசரமாக வந்து பார்த்தார். “இது தாங்காதுங்க. இப்போ குழாய் போடணும். அப்புறம் தொண்டையில துளை போட்டு மிஷின்லயே வெச்சுக்கலாம்” என்றார். நாத்தனார் போனை டாக்டரிடம் நீட்டினாள். எங்கள் பிள்ளை சென்னையிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தான். அவன் குரல் வெளியே கேட்டது. “எது வேணாலும் பண்ணுங்க டாக்டர். எதையும் நிறுத்தாதீங்க. நான் வந்துண்டே இருக்கேன்.”

“பையன் சொல்லிட்டாரு. போட்டுடலாம்” என்று டாக்டர் நர்சிடம் சொன்னார்.

“வேண்டாம்” என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. நர்ஸ் ஏதோ பாக்கெட்டைப் பிரித்தாள். என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள். நான் தள்ளி நின்றேன். அவர் கண் நான் நின்ற இடத்துக்கு வந்தது. அவர் உடம்பில் உத்தரவுக்குக் கட்டுப்பட்டது அது ஒன்றுதான். கெஞ்சவில்லை. கிணற்றடியில் பார்த்தாரே, அதே பார்வைதான். எங்கே, சொல்லு பார்ப்போம்.

“வேண்டாம்.”

“என்னம்மா? சத்தமா சொல்லுங்க” என்றாள் நர்ஸ்.

அப்போது வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது. “வேண்டாம். குழாய் போட வேண்டாம். அவர் என்கிட்ட சொல்லியிருக்கார். அவருக்கு வேண்டாம்” என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்களின் மனுஷர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் காது எனக்கு அடைத்தது.

“மன்னி, அவன் வரட்டுமே” என்று நாத்தனார் என் கையைப் பிடித்தாள்.

டாக்டர் நின்றுவிட்டார். “அம்மா, போடலைன்னா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“உங்க பையன் வேற மாதிரி சொல்றாரே.”

“அவன் வந்தா நான் சொல்லிக்கறேன். இவர் புத்தி தெளிவா இருக்கு. இவரைக் கேளுங்கோ.”

டாக்டர் கட்டிலருகே குனிந்தார். “ஐயா, அம்மா சொல்றது சரியா? சரின்னா கண்ணை மூடித் திறங்க.” அவர் கண்ணை மூடினார். திறந்தார். டாக்டர் இன்னொரு தரம் கேட்டார். மறுபடி மூடித் திறந்தார். நர்ஸ் பிரித்த பாக்கெட்டை ஓரமாக வைத்தாள். கையெழுத்து வாங்கினார்கள். மூச்சுத் திணறல் தெரியாமலிருக்க மருந்து போட்டார்கள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வலது தோளில் கையை வைத்துக்கொண்டேன். அந்தக் காய்ப்பு இன்னும் இருந்தது. அதற்கு அடியில் எலும்புதான். துடிப்பு எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

பிள்ளை வந்து சேர்ந்தபோது அவர் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

அவன் அழுது முடித்த பிறகு டாக்டரிடம் போய்க் கேட்டான். டாக்டர் நடந்ததை நடந்தபடி சொன்னார். வராந்தாவில் என்னிடம் வந்து நின்றான். “கண்ணை எல்லாரும்தான் மூடித் திறப்பா. உனக்கு என்ன தெரியும்? அஞ்சாங்கிளாஸ். என்னை ஒரு வார்த்தை கேட்டியா?” அப்பா உன்னிடமும் சொன்னாரே என்று சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்து எனக்கு அது வரவில்லை.

அன்று சாயங்காலம் கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தபோது சிநேகிதர் வந்தார்.

“வேண்டாம்னு யார் சொன்னது மாமி?”

“நான்தான்.”

“நேரத்துக்கா?”

“நேரத்துக்குத்தான்.”

தலையை ஆட்டிவிட்டு வெளியே போய் மற்றவர்களோடு நின்றுகொண்டார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவான். மாத்திரை சாப்பிட்டாயா, அரிசி இருக்கிறதா என்று கேட்பான். நானும் அதற்குப் பதில் சொல்லி வைத்துவிடுவேன். வருஷத் திதிக்கு வந்திருந்தபோது, காரியமெல்லாம் முடிந்து எல்லாரும் போன பிறகு, கிணற்றடியில் இருந்த தண்ணீர்க் குழாயில் கை அலம்பிக்கொண்டே கேட்டான்.

“அன்னிக்கு என்ன சொன்னே நீ? எப்படிச் சொன்னே?”

“குழாய் வேண்டாம்னு சொன்னேன்.”

“இப்படியா? இவ்வளவு மெதுவாவா? இது யாருக்குக் கேக்கும்?”

“இல்லை. சத்தமாத்தான்.”

“எங்கே, சொல்லு.”

சொன்னேன். அன்றைக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். பக்கத்து ஆத்து மாமி மதிலுக்கு மேலே தலையை நீட்டி, “என்ன ஆச்சு மாமி?” என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அவன் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாளி நிரம்பித் தண்ணீர் வழிந்து அவன் காலில் கொட்டியது, குழாயை மூடவில்லை. நான் போய் மூடினேன்.

மறுநாள் காலை ரயிலுக்குக் கிளம்பினான். என் காலில் விழுந்து சேவித்தான். “போயிட்டு வரேம்மா” என்றான்.